ஒரே தடவை பெய்த மழை

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் உன் வீட்டுக்காரி கண்டக்டரம்மாவும் சுகம்தானே? டிவி பெட்டியைத் தூக்கப் போய் முதுகு பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தாய். இப்போது குனிந்து நிமிர முடிகிறதா? முடியவில்லை என்றால் கடையில் உட்கார்ந்து வேலை பார், வீடு வீடாக அலையாதே.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அலுவலகத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. வொர்க்ஸ்டேஷன் என்கிறார்கள். நான்கு ஆட்கள் மூச்சு வாங்க மாடிக்குத் தூக்கி வந்தார்கள். பழைய கோப்புகள் கிடந்த அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, ஏசி மாட்டி, அதற்குத் தனி அறை கொடுத்திருக்கிறார்கள். செருப்பை வெளியே கழற்ற வேண்டும். டீ டம்ளரோடு எட்டிப் பார்த்தால்கூடத் திட்டு விழும். திரை எவ்வளவு பெரியது தெரியுமா? ஒரு கட்டடத்தின் முழு எலும்புக்கூட்டையும் அதில் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். நாங்கள் மூன்று பேர் ஒரு வாரம் போடும் கணக்கை நான்கு நிமிடத்தில் போட்டுவிடுகிறது.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு ரிஜிஸ்டர் தொங்குகிறது. யார், என்ன வேலை, எத்தனை மணிக்கு என்று எழுதிவிட்டுத்தான் உள்ளே போகலாம். ஒரு வேலைக்கு ஒரு தடவைதான். அதே கணக்கை மறுபடி போட வேண்டும் என்றால் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ஏன் என்று எழுதி, எங்கள் தலைமை இன்ஜினியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவரை நாங்கள் பெரியவர் என்போம். இதுவரை அந்தக் கட்டத்தில் யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதினால் முதல் தடவை சரியாக யோசிக்கவில்லை என்று ஆகிவிடும் அல்லவா?

முக்கியமான சேதியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். இருபது வருடம் பிறர் போட்ட கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்த உன் அக்காவுக்கு, இந்த வருடத்திலிருந்து வரைபடத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். முதல் வேலை, பக்கத்து நகரத்து பஸ் ஸ்டாண்டில் பயணிகள் காத்திருக்கும் கூடத்துக்குக் கூரை. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு பழைய தாளில் நான்கு தடவை போட்டுப் பார்த்துக்கொண்டேன். சிரிக்காதே.

உன் கிலுகிலுப்பைக் கம்ப்யூட்டர் எப்படி இருக்கிறது? அதில் இன்னும் வாத்துதான் சுடுகிறீர்களா?

உன் அக்கா

ஜனவரி 22

அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். முதுகு தேவலை. கண்டக்டரம்மாவும் நலம். நீ கையெழுத்துப் போட்ட சேதியைப் படித்துக் காட்டினேன். "அண்ணி இனிமே பெரிய ஆளு, நம்மளையெல்லாம் ஞாபகம் வச்சுக்குவாங்களா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்கும் ரொம்பப் பெருமையாக இருந்தது அக்கா. நிஜமாக.

ஆனால் நீ என் கம்ப்யூட்டரைக் கிலுகிலுப்பை என்று சொன்னதை நான் விடுவதாக இல்லை. தனி அறை, ஏசி, வாசலில் செருப்பு, உள்ளே போகவே அனுமதி. அது கம்ப்யூட்டர் இல்லை, வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. உங்கள் மாப்பிள்ளை பாட்டுப் பாடுமா? என்னுடையது மூன்று குரலில் பாடும். வண்ணம் உண்டா? அந்த மாதிரி மெஷினில் பச்சைக் கோடுதான் வருமாம், கேள்விப்பட்டேன். என்னுடையதில் பதினாறு வண்ணம். யாரோ கெட்டுப்போனது என்று கடையில் போட்டுவிட்டுப் போன பெட்டி, என் கையால் உயிர் பெற்றது. டிவியில் சொருகி, டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டால் கீச்கீச்சென்று ஐந்து நிமிடம் கத்திவிட்டு ஆட்டம் வந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தில் நான் டீ போட்டு முடித்துவிடுவேன். டீயை அதன் தலைமேலேயே வைப்பேன். அது ஒன்றும் சொல்லாது.

உங்கள் மாப்பிள்ளைக்குப் பலம் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதோடு உட்கார்ந்து யாராவது சிரித்திருக்கிறீர்களா? இங்கே கண்டக்டரம்மா டூட்டி முடிந்து வந்தால் காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்துவிடுகிறாள். அவள் சுட்ட வாத்துக்கு அளவே இல்லை.

இப்படிக்கு,
கிலுகிலுப்பைக்காரன்

பிப்ரவரி 12

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்பு நன்றாக இருப்பதில் சந்தோஷம். மாப்பிள்ளை என்று நீ வைத்த பெயரை வாய் தவறி அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். இப்போது டைப்பிஸ்ட் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பெரியவர் காதில் மட்டும் இன்னும் விழவில்லை.

வாய் பேசினால் போதாது. உன் பெட்டிக்கு ஒரு பரீட்சை வைக்கிறேன். என் பஸ் ஸ்டாண்ட் கூரையையே எடுத்துக்கொள். தூணுக்குத் தூண் இருபத்து நான்கு மீட்டர், நடுவில் வேறு தூண் இல்லை, ஏனென்றால் பஸ் திரும்ப வேண்டும். அதன்மேல் இரும்பு பீம்கள், பீம்மேல் தகடு. முதலில் கூரைக்கு லேசான சரிவு கொடுத்திருந்தோம். பார்க்க எடுப்பாக இல்லை என்று கட்டட வடிவமைப்பாளர் அதை எடுத்துவிட்டார். இப்போது மேஜை போலத் தட்டை, சுற்றிலும் விளம்பரப் பலகை மாட்ட முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவர், மழைத் தண்ணீர் இறங்கத் தூண்களை ஒட்டிக் குழாய்கள். பீமின் அளவும் அதன்மேல் விழும் பாரமும் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், மழைக்கான பாரமும் சேர்த்து. கேள்வி ஒன்றே ஒன்று. நடுவில் பீம் எத்தனை மில்லிமீட்டர் தாழும்?

மாப்பிள்ளை நான்கு நிமிடத்தில் விடை சொல்லிவிட்டது. என்ன விடை என்று நான் சொல்ல மாட்டேன். உன் பெட்டியைப் பாட்டுப் பாடுவதை நிறுத்திவிட்டுக் கணக்குப் போடச் சொல்.

உன் அக்கா

மார்ச் 3

அக்காவுக்கு வணக்கம்.

உனக்குத் தலைவலி ஒன்றும் இல்லையே என்று கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நீ வைத்த பரீட்சையில் இங்கே எனக்குத் தலைவலி வந்துவிட்டது. பழைய காலேஜ் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். மூன்று சாயங்காலம் டைப் அடித்தேன். உன் மாப்பிள்ளை கூரை முழுவதையும் பார்த்திருக்கும். என் பெட்டிக்கு அவ்வளவு மூளை கிடையாது, அதனால் ஒரே ஒரு பீமை எடுத்து நாற்பது துண்டாக நறுக்கிக் கொடுத்தேன். நாற்பது நிமிடம் யோசித்தது. இடையில் கரண்ட் போய் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

விடை: முப்பத்தாறு மில்லிமீட்டர்.

சரியா தப்பா என்று சீக்கிரம் எழுது. தப்பு என்றால் இனி ஆறு மாதத்துக்கு நீ பேசுவதையெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி

மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் நலம் பற்றி எழுது.

மாப்பிள்ளையின் விடை முப்பத்தெட்டு. இரண்டே மில்லிமீட்டர் வித்தியாசம். எங்கள் அலுவலகத்தில் பட்டம் வாங்கி வந்தவர்களில் இரண்டு பேருக்கு இதைக் கையால் போடத் தெரியாது. டிவி ரிப்பேர் செய்யும் என் தம்பி மூன்று சாயங்காலத்தில் போட்டிருக்கிறான்.

அதனால்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இரண்டாவது வருடத்தோடு காலேஜை விட்டாய். இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு ஏன் விட்டாய் என்று எனக்கு இன்றுவரை ஆறவில்லை. இப்போது தபால் வழியில் படித்து முடிக்கலாம். விண்ணப்பம் வாங்கி அனுப்பட்டுமா?

உன் அக்கா

மார்ச் 30

அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். விண்ணப்பம் வேண்டாம்.

கணக்கு போட்டு முடித்த பிறகு அதைச் சும்மா விட மனம் வரவில்லை. வெறும் எண்ணாக வந்து நிற்பது சப்பென்று இருந்தது. அதனால் ஆட்டமாக மாற்றிவிட்டேன். நீலத்தில் கூரை, மேலே வெள்ளைப் புள்ளி புள்ளியாக மழை. மழை விழ விழ கூரை வளையும். கீழே குட்டி மனிதர்கள் நடப்பார்கள். ஆடுபவர் இரண்டு பட்டன்களை வைத்துக் குழாய்களைத் திறந்து தண்ணீரை வெளியேற்ற வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

கண்டக்டரம்மா உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் ஆடிவிட்டு, "இது என்ன பஸ் ஸ்டாண்டு? மழை பெய்யறப்ப ரெண்டு பேரா நிப்பாங்க? ரோட்டுல போறவன், சைக்கிள்காரன், பஸ்ஸே ஏறாதவன், எல்லாரும் உள்ளதான் ஓடி வருவான்" என்றாள். சரி என்று மழை கூடக் கூட ஆட்களைக் கூட்டினேன். மறுபடி ஆடினாள். "எந்த பஸ் ஸ்டாண்டுல தண்ணிக் குழாய் அடைக்காம இருக்கு? காத்துல டிக்கெட்டு, இலை, பை எல்லாம் மேலதான் போய் உக்காருது. எங்க டெப்போ கூரையில ஒரு செருப்பு கிடக்கு. ஒத்தைச் செருப்பு. எப்படிப் போச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியல" என்றாள். அதையும் சேர்த்தேன். மழை பெய்யப் பெய்யக் குழாய் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கும்.

இங்கேதான் எனக்கு ஒரு சிக்கல். அதன்பிறகு அந்த ஆட்டத்தில் யாராலும் ஜெயிக்க முடியவில்லை. தண்ணீர் நடுவில் நிற்கிறது. நின்றதும் பீம் தாழ்கிறது. தாழ்ந்த இடத்துக்கு இன்னும் தண்ணீர் வந்து சேர்கிறது. அதனால் இன்னும் தாழ்கிறது. கொஞ்ச நேரத்தில் தொப்பென்று விழுந்துவிடுகிறது. எண்பது தடவைக்கு மேல் ஆடிவிட்டோம். ஒவ்வொரு தடவையும் கூட்டம் நிறைந்து நிற்கும்போதுதான் விழுகிறது. உன் மாப்பிள்ளையின் கூரை முப்பத்தெட்டில் நிற்கிறது, என் கூரை நிற்கவே மாட்டேன் என்கிறது. எங்கோ தப்பு செய்திருக்கிறேன், மண்டையைக் குடைந்து பார்த்தும் தெரியவில்லை. நீ பார்த்துச் சொல்.

தம்பி

மே 6

அக்காவுக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. உடம்புக்கு ஏதாவதா? இல்லை, நான் விண்ணப்பம் வேண்டாம் என்று வெடுக்கென்று எழுதியது மனதில் தைத்துவிட்டதா? அப்படி இருந்தால் மன்னித்துவிடு. நான் அந்தப் பேச்சு வந்தாலே இப்படித்தான்.

ஆட்டத்தைப் பற்றிக் கவலைப்படாதே, சரிசெய்துவிட்டேன். தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாததால் இரண்டு நிமிடத்தில் மழை தானாக நிற்கும்படி மாற்றினேன். இப்போது கண்டக்டரம்மா ஜெயிக்கிறாள். ஆனால் அவளுக்குத் திருப்தி இல்லை. "நிக்கற மழைன்னா எவன் வேணா ஜெயிப்பான், இது ஏமாத்து" என்று முறைத்தாள். விளையாட்டுதானே என்றேன்.

ஒரு வரியாவது எழுது. அவளும் உன்னைப் பற்றித் தினமும் கேட்கிறாள்.

தம்பி

மே 11

தம்பிக்கு,

நன்றாகத்தான் இருக்கிறேன். உன்மேல் கோபம் எதுவும் இல்லை. வேலை அதிகம்.

அந்த மழையை நிறுத்தாதே. பழையபடி மாற்றிவை. தண்ணீர் தேங்குவதையும் பீம் தாழ்வதையும் நீ எப்படி மாறி மாறிக் கணக்கிட்டாய் என்று அந்தப் பகுதியை மட்டும் கையால் எழுதி அனுப்பு. ஒரு வரி விடாமல் எழுது.

கண்டக்டரம்மாவிடம் ஒன்று கேட்டுச் சொல். கூரைக் குழாய் அடைக்கும் என்றாளே, அது விளையாட்டுக்குச் சொன்னதா, நிஜமா? அதைச் சுத்தம் செய்ய ஆள் உண்டா? மாதம் ஒரு முறை சுத்தம் செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினால் செய்வார்களா?

நன்றாகத்தான் இருக்கிறேன்.

அக்கா

மே 16

அக்காவுக்கு,

நீ கேட்ட பகுதியை எட்டுத் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். மழையையும் பழையபடி விட்டுவிட்டேன்.

நீ கேட்டதற்குக் கண்டக்டரம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன். அவள் பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை மாறினாலும் தலையில் குட்டுகிறாள்.

"அண்ணிக்கு வணக்கம். பதிமூணு வருஷம் சர்வீஸ்ல ஏழு பஸ் ஸ்டாண்டு பார்த்துட்டேன் அண்ணி. கூரை மேல ஆள் ஏறி நான் பார்த்தது ரெண்டே தடவை. ஒரு தடவை மந்திரி வந்தப்ப வெள்ளையடிக்க ஏறினாங்க. இன்னொரு தடவை ஒரு குரங்கைப் பிடிக்க ஏறினாங்க. தாள் ஒட்டினா நல்லாத்தான் இருக்கும். ஆனா அது மேல சினிமா போஸ்டர் ஒட்டிருவாங்க. உடம்பைப் பாத்துக்குங்க. உங்க எழுத்து இந்தத் தடவை சாய்ஞ்சு சாய்ஞ்சு இருக்கு."

அவள் சொன்ன பிறகுதான் நானும் கவனித்தேன். அக்கா, நான் இதுவரை என் பெட்டியில்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூரை வேலை இப்போது எதுவரை வந்திருக்கிறது?

தம்பி

மே 22

அன்புத் தம்பிக்கு,

உன் கேள்விக்குப் பதில்: பீம் எல்லாம் ஏற்றி முடித்தாகிவிட்டது. ஜூன் இரண்டாம் வாரம் தகடு போடுகிறார்கள். ஜூலை முதல் தேதி திறப்பு. அதற்கடுத்து மழைக்காலம்.

இனி மறைக்க எதுவும் இல்லை, எல்லாவற்றையும் எழுதுகிறேன். உன் மார்ச் மாதக் கடிதத்தை அலுவலக வராந்தாவில் டீ குடித்துக்கொண்டே படித்தேன். முதலில் சிரித்தேன். ஒத்தைச் செருப்பு வரை சிரித்தேன். அதற்கடுத்த பத்தியைப் படித்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டேன். நீ எங்கே தப்பு செய்தாய் என்று மூன்று நாள் தேடினேன். அப்படியே நம்ப ஆசைப்பட்டேன். கிடைக்கவில்லை.

சரிவு இருந்த வரைபடத்துக்கு நான் போட்டு வைத்திருந்த மழைப் பாரத்தையே, சரிவை எடுத்த பிறகும் மாற்றாமல் கொடுத்துவிட்டேன். தண்ணீர் ஓடிவிடும், தேங்காது என்று எழுதிக்கொண்டேன். ஓட வழியில்லாத கூரை அது. மறுபடி கணக்குப் போட வேண்டும். அதற்கு ரிஜிஸ்டரில் காரணம் எழுத வேண்டும். இரண்டு தடவை பேனாவைத் திறந்துகொண்டு போய் நின்றேன், இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டேன். கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீர்த் தொட்டி வேலை என்று பொய் எழுதிவிட்டு உள்ளே போனேன். மாப்பிள்ளைக்கு உன் பெட்டி மாதிரி தானாக மாறி மாறிப் போடத் தெரியாது, கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். அதனால் ஒவ்வொரு தடவையும் தேங்கிய தண்ணீரை நானே கையால் சேர்த்தேன். முப்பத்தெட்டு, ஐம்பத்தொன்று, எழுபது, தொண்ணூற்றெட்டு, நூற்று நாற்பது, இருநூற்று மூன்று. ஏழாவது தடவை எண்ணே வரவில்லை. விடை இல்லை என்று ஒரு வரி மட்டும் வந்தது.

உன் பெட்டி சொன்னது சரி. மாப்பிள்ளையும் பொய் சொல்லவில்லை. நான்தான் அதனிடம் மழையை ஒரே தடவை பெய்யச் சொன்னேன்.

இது நடந்து நான்கு வாரம் ஆகிறது. யாரிடமும் சொல்லவில்லை. முதல் கையெழுத்து, தம்பி. இருபது வருடம் காத்திருந்து வாங்கியது. குழாயைச் சுத்தம் செய்தால் கூரை நிற்கும், ஒரு தாள் எழுதி ஒட்டிவிட்டால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குத்தான் கண்டக்டரம்மாவைக் கேட்டேன். அவள் பதிலைப் படித்த பிறகு அந்த வழியும் அடைத்துவிட்டது. தினமும் காலையில் பெரியவர் அறை வாசல்வரை போகிறேன். பயமாக இருக்கிறது.

அக்கா

மே 26

அக்கா,

உன் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. நான்கு வாரம் நீ இதை வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிட்டாய், எப்படித் தூங்கினாய் என்று கோபம். கண்டக்டரம்மா படித்துவிட்டுச் சாப்பிடாமலே டூட்டிக்குப் போய்விட்டாள்.

பிறகு கடையில் உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. நான் ஏன் காலேஜை விட்டேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். நான் விடவில்லை அக்கா. இரண்டாவது வருடம் நான்கு பாடத்தில் பெயில். வீட்டில் சொல்லப் பயந்து, ஒரு வருடம் முழுக்கத் தினமும் காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு காலேஜுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்திருந்தேன். அங்கேதான் கண்டக்டரம்மாவைப் பார்த்தேன். "தினமும் வர்றே, எந்த பஸ்லயும் ஏற மாட்டேங்கறே, என்ன விஷயம்?" என்று கேட்டாள். உலகத்தில் முதலில் அவளிடம்தான் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்குப் பசித்தது. ஒரு வருடத்தில் அன்றைக்குத்தான் பசி என்று ஒன்று தெரிந்தது. வீட்டில் மட்டும் கடைசிவரை பிடிக்காமல் விட்டதாகவே சொல்லிவிட்டேன்.

நான் மறைத்ததில் கெட்டது என் ஒரு வருடம் மட்டும். உன் கூரைக்குக் கீழே ஆட்கள் நிற்பார்கள். எனக்கு அறிவுரை சொல்லத் தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள் நீ பெரியவரிடம் சொல்லவில்லை என்றால், சனிக்கிழமை முதல் பஸ்ஸில் என் பெட்டியோடும் டிவியோடும் வந்து உங்கள் அலுவலகத்தில் நிற்பேன். முதுகு போனாலும் பரவாயில்லை.

சாப்பிடு.

உன் தம்பி

ஜூலை 24

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். இந்தத் தடவை நிஜமாகவே. சொல்லிவிட்டேன் என்று ஒரே வரி எழுதிய கார்டு அப்போதே கிடைத்திருக்கும். விவரமாக எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது. உன் முதுகும் கண்டக்டரம்மாவின் கால்வலியும் எப்படி இருக்கின்றன?

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நீ எத்தனை வருடம் எதைச் சுமந்தாய் என்று தெரியாமலே ஒவ்வொரு தடவையும் அதையே குத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அதை நினைத்துத்தான் அன்று அழுதேன், கூரையை நினைத்து அல்ல. இனி காலேஜ் பேச்சு என் கடிதத்தில் வராது.

மறுநாள் பெரியவரிடம் போனேன். உன் எட்டுத் தாளையும் என் ஏழு கணக்கையும் மேஜையில் வைத்தேன். "மெஷின் முப்பத்தெட்டுன்னு சொல்லியிருக்கேம்மா, அது தப்பா சொல்லுமா?" என்று கேட்டார். "மெஷின் தப்பா சொல்லல சார், நான் தப்பா கேட்டேன்" என்றேன். அவர் ஒவ்வொரு தாளாகப் படித்தார். அரை மணி நேரம் என்னை உட்காரச் சொல்லவில்லை. "இது யார் போட்ட கணக்கு?" என்றார். "என் தம்பி சார். டிவி மெக்கானிக்." "எப்படித் தோணிச்சாம்?" "வீட்டுல விளையாடிட்டு இருந்தாங்க சார். எண்பது தடவை." அவர் எழுந்து போய் ரிஜிஸ்டரை எடுத்து வந்தார். தண்ணீர்த் தொட்டி என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டுக் காரணம் என்ற கட்டத்தைத் தன் கையால் நிரப்பினார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கே வேலையை நிறுத்தச் சொல்லித் தகவல் போயிற்று. சரிவு திரும்ப வருகிறது, பீம்களுக்கு அடியில் பலம் சேர்க்கிறார்கள், தண்ணீர் வழியக் கைப்பிடிச் சுவரில் இடைவெளி விடுகிறார்கள். மூன்று மாதம் ஆகும். என் கையெழுத்து அதிகாரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். புது வரைபடத்தில் வேறொருவர் பெயர். நான் மறுபடி பிறர் கணக்கைச் சரிபார்க்கிறேன். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே வலிக்கிறது.

போன வாரம் ஒரு அளவெடுக்க அந்த பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினார்கள். மதியம் பிடித்தது மழை. கண்டக்டரம்மா சொன்னது போலவே எல்லாப் பக்கமிருந்தும் கூட்டம் உள்ளே ஓடி வந்தது. மேலே வெறும் பீம்கள், தகடு இல்லை. ஒதுங்க இடமில்லை என்று தெரிந்தும் பழக்கத்தில் அங்கேயே வந்து நின்றார்கள். நானும் நின்றேன். ஆளாளுக்குத் திட்டினார்கள். பக்கத்தில் ஒரு அம்மா பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "முடியற நேரத்துல எவளோ ஒரு இன்ஜினியரம்மா வந்து வேண்டாம்னு நிறுத்திட்டாளாம். அவ இங்க வந்து ஒரு நாள் நிக்கணும்" என்றாள்.

"நின்னுட்டுத்தாம்மா இருக்கேன்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன். "ஏன் நிறுத்தினே?" என்று மட்டும் கேட்டாள். தண்ணீர் எப்படித் தேங்கும், பீம் எப்படித் தாழும், எப்போது விழும் என்று சொன்னேன். யாரோ இருவர் திரும்பிக் கேட்டார்கள். பிறகு இன்னும் நான்கைந்து பேர். அந்த அம்மா அண்ணாந்து பீமைப் பார்த்தாள், தன்னைச் சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்தாள். அதன்பிறகு அவள் திட்டவில்லை. தலையில் இருந்த பையைக் கிழித்துப் பாதியை என்னிடம் கொடுத்தாள்.

மழை ஒன்றரை மணி நேரம் விடாமல் பெய்தது. வேறு வேலை இல்லாததால் நின்றவர்களை எண்ணினேன். நூற்று எழுபத்து மூன்று பேர். எல்லோரும் தொப்பலாக நனைந்தோம். ஒவ்வொரு பஸ்ஸாக வந்தது, எல்லோரும் ஏறிப் போனார்கள்.

இருவருக்கும் என் அன்பு.

உன் அக்கா